கண்ணாடிச் சோப்பும் கைத்தராசும்

(ஆண்டு விழா மாதர் அரங்கில் ஆற்றிய உரை)



வீட்டிலேயே சோப்புக் காய்ச்சும் ஆர்வம் நம் காலனியிலும் தோன்றியிருக்கிறது. அதிலும், ஒளி ஊடுருவும் கண்ணாடிச் சோப்பின்மீதுதான் பலருக்கும் நாட்டம். தெளிவாயிருப்பது தூய்மையானது என்ற எண்ணமே இதற்குக் காரணம். அவ்வெண்ணம் பொருந்துமா என்பதையும், செய்து பார்க்க விரும்புவோர் மேற்கொள்ள வேண்டிய முறையையும் இன்று கூற விழைகிறேன்.

இலண்டனில் முடிதிருத்துநராயிருந்த ஆண்ட்ரூ பியர்ஸ் என்பார், 1807-ஆம் ஆண்டளவில் கண்ணாடிச் சோப்பை விற்பனைக்குக் கொணர்ந்தார். அதன் இரகசியம் யாது? எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் கூடினால் சோப்பும் கிளிசரினும் உண்டாகின்றன. அச்சோப்பு ஆறும்போது நுண்படிகங்களாக இறுகி, ஒளியைச் சிதறடிக்கிறது; அதனால் வெண்மையாகத் தோன்றுகிறது. தெளிவான கற்கண்டைப் பொடித்தால் வெண்மையாவது போன்றதே இது. ஆல்ககால், கிளிசரின், சர்க்கரை ஆகிய மூன்றும் படிகங்கள் வளராமல் தடுத்து ஒளிக்கு வழிவிடுகின்றன. ஆகவே, தெளிவு தூய்மைக்குச் சான்றன்று. காரம் மிகுந்து தோலைப் புண்ணாக்கும் சோப்பும் கண்ணாடிபோல் மின்னக்கூடும்.

எனவே முதலில் வேண்டுவது, கிராம் கணக்கில் நிறுக்கும் நல்ல தராசு. சாம்பாருக்கு உப்பிடும் கைப்பக்குவம் இங்கே செல்லாது. 100 கிராம் தேங்காயெண்ணெய்க்கு ஏறத்தாழ 18 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். விளக்கெண்ணெய்க்கு 13 கிராம் போதும். 250 கிராம் தேங்காயெண்ணெயும் 150 கிராம் விளக்கெண்ணெயும் எடுத்தால், காரம் மிஞ்சாதிருக்கச் சற்றே குறைத்து 63 கிராம் சோடா இடலாம். தில்லிக் குளிரில் உறைந்த தேங்காயெண்ணெயை முன்னதாக உருக்கிக்கொள்ள வேண்டும். ஆழ்குழாய் நீரின் சுண்ணாம்புச் சத்து சோப்பைக் கலங்கச் செய்யுமாதலால், காய்ச்சி வடித்த நீர் 130 மில்லி லிட்டர் கொள்வது நலம்.

சோடாவைத்தான் நீரில் சிறிது சிறிதாக இட வேண்டும். சோடாவின்மீது நீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். எவர்சில்வர்ப் பாத்திரமே உகந்தது. அலுமினியத்தைக் காரம் அரித்துவிடும். கண்ணாடியும் கையுறையும் இன்றியமையாதவை. குழந்தைகளைச் சமையலறைக்குள் விடலாகாது. உடலிலோ கண்ணிலோ பட்டால், ஓடும் நீரில் நெடுநேரம் கழுவி, உடனே மருத்துவரை நாட வேண்டும்.

எண்ணெயோடு காரநீரைச் சேர்த்துக் கெட்டிப்படும்வரை கிளறி, கொதிநீர்ப் பாத்திரத்தின்மேல் வைத்து மூன்று மணி நேரம்போல் வேகவிட்டால் பசைபோலாகும். அதன்பின் அடுப்பை அணைத்துவிட்டு, 70 பாகைக்குக் கீழே ஆறிய பிறகே, சுமார் 200 மில்லி லிட்டர் ஐசோபுரொப்பைல் ஆல்ககாலைச் சேர்க்க வேண்டும். அதன் ஆவி எளிதில் தீப்பற்றும், அருகில் சுடரோ சுவிட்சுப் பொறியோ கூடாது, சன்னல்கள் திறந்திருக்கட்டும். நச்சுத்தன்மை கொண்ட மெதைல் ஆல்ககால் கலந்த ஸ்பிரிட்டைத் தொடவே வேண்டாம். சுடுநீரில் பாத்திரத்தை மூடிவைத்துக் கரைத்தபின், 100 கிராம் கிளிசரினும், 70 மில்லி லிட்டர் நீரில் கரைத்த 100 கிராம் சர்க்கரையும் சேர்த்து, நுரையை வழித்துவிட்டு அச்சில் ஊற்றலாம். ஆல்ககால் ஆவியாகிக் கட்டி இறுகச் சில வாரங்களாகும்.

சிறு குழந்தைகள் உள்ள இல்லத்தார் இவ்விரண்டு இடர்களையும் ஏற்க வேண்டியதில்லை. கடையில் கிடைக்கும் கிளிசரின் சோப்புக் கட்டியை உருக்கி வார்த்தாலே போதும். காரமும் வேண்டாம், ஆல்ககாலும் வேண்டாம்.

அண்டை வீட்டாருக்குக் கொடுக்குமுன், நனைத்த சோப்பைக் காரச் சோதனைத் தாளில் தடவிப் பாருங்கள். 9 அல்லது 10 எனக் காட்டுவது சோப்பின் இயல்பு. அதற்கு மேற்பட்டால் கொடுக்கலாகாது. விற்க எண்ணுவோர், 2020-ஆம் ஆண்டின் அழகுப்பொருள் விதிகளின்படி உரிமம் பெற வேண்டும்.

நம்மை நம்பி ஒரு தாய் தன் குழந்தையைக் குளிப்பாட்டப் போகிறாள். அவள் பார்ப்பது சோப்பின் தெளிவை மட்டுமே. அதிலுள்ள காரத்தின் அளவை அறிந்தவர் நாம் ஒருவரே. அப்பொறுப்பை மறவாது, அளந்து செய்வோமாக!