பயிற்சி பாதி, சாப்பாடு பாதி

(நூற்றாண்டு விழாவை முன்னிட்டு டிக்கோயாவில் நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில், வைத்தியராகப் பணியாற்றும் நமது பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



பாடசாலையின் நூறு வருட வரலாற்றைப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். தலைப்பை என்னிடமே விட்டதால், எனக்குத் தெரிந்த விடயத்தைப் பேசுகிறேன். உடற்பயிற்சி செய்கிறவர்கள் என்ன சாப்பிட வேண்டும் என்பதுதான் அது.

இதைத் தெரிவு செய்ய இரண்டு காரணங்கள். எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இப்போது தினமும் நடந்த அடிகளின் கணக்குத்தான். ஒருத்தி டொரொண்டோவில் நடக்கிறாள், ஒருத்தி வெள்ளவத்தைக் கடற்கரையில் நடக்கிறாள், ஒருத்தி ஹட்டனில் ஜிம்முக்குப் போகிறாள். எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: “இவ்வளவு செய்தும் ஒரு மாற்றமும் இல்லையே, ஏன்?” அதே கேள்வியை நமது பாடசாலை மைதானத்தில் ஓடும் பிள்ளைகளும் கேட்கிறார்கள்: “எவ்வளவு ஓடினாலும் நேரம் குறையுதில்லை டொக்டர்.” நாற்பது வயதுக்கும் பதினைந்து வயதுக்கும் விடையின் பெரும்பகுதி ஒன்றுதான்.

பயிற்சி செய்யும் நேரத்தில் உடம்பு பலமடைவதில்லை, களைத்துத்தான் போகிறது. தசைநார்களில் மிக நுண்ணிய சிதைவுகள் ஏற்படுகின்றன, தசையில் சேமித்திருந்த மாச்சத்து கரைகிறது. பிறகு நாம் சாப்பிட்டு, உறங்கி, ஓய்வெடுக்கும்போதுதான் உடம்பு அவற்றைச் சரிசெய்து, முன்னைவிடச் சற்றுப் பலமாகக் கட்டுகிறது. கட்டுவதற்குப் பொருள் இல்லாவிட்டால் களைப்பு மட்டுமே மிஞ்சும்.

இதற்கு உதாரணம் தேட நாம் வெளியே போக வேண்டியதில்லை. நம் அம்மாமாரைப் பாருங்கள். காலையில் பெரட்டுக்குப் போய், கூடையைத் தலையில் மாட்டி, செங்குத்தான மலையில் ஏறி இறங்கி, பதினெட்டு, இருபது கிலோ கொழுந்து பறித்து, நிறுவைக்குச் சுமந்து வருகிறார்கள். உடலுழைப்பு மட்டுமே உடம்பைத் தேற்றும் என்றால், இந்த நாட்டிலேயே திடமான பெண்கள் அவர்களாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் சிகிச்சைக்கு வரும்போது அவர்கள் சொல்வது களைப்பு, தலைசுற்று, கால் உளைவு. வேலைக்கு ஏற்ற சாப்பாடும் ஓய்வும் இல்லாத உழைப்பு அப்படித்தான் முடியும்.

2016ஆம் ஆண்டு நாடளாவிய ரீதியில் நடத்தப்பட்ட குடித்தொகை, சுகாதார அளவெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் தேசிய ரீதியில் ஏறத்தாழ 17 சதவீதம். தோட்டப்புறத்தில் அது ஏறத்தாழ 32 சதவீதம். இன்று மைதானத்துக்கு வரும் பிள்ளைகளில் பலர் அந்தப் பின்தங்கலோடுதான் ஓட்டத்தையே தொடங்குகிறார்கள்.

இனி நம் காலைச் சாப்பாட்டுக்கு வருவோம். கோதுமை மா ரொட்டி, ஒரு சம்பல், இனிப்பான தேத்தண்ணி. இது நம் முன்னோர் இந்தியாவிலிருந்து கொண்டுவந்த சாப்பாடு அல்ல. அவர்கள் சோறும் கஞ்சியும் சாப்பிட்டவர்கள். 1942இல் பர்மா அரிசி வருவது நின்று, பங்கீடு வந்தபோது கோதுமை மா அரிசியின் இடத்துக்கு வந்தது. 1973, 74ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தைக் கண்ட பெரியவர்கள் இந்தச் சபையில் இருக்கிறார்கள். அந்த நாட்களில் தோட்டங்கள் பட்ட பாட்டை அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 1980இல் திருகோணமலையில் பிரிமா ஆலை இயங்கத் தொடங்கிய பிறகு மா எல்லாக் கடைகளிலும் தாராளமாகக் கிடைத்தது. விடியற்காலையில் அவசரமாகச் சுடலாம், மலைக்குக் கட்டிக்கொண்டு போகலாம், வயிறும் தாங்கும். ரொட்டி நிலைத்தது இப்படித்தான். 2022 நெருக்கடியில் அந்த மாவின் விலை ஏறியபோது தோட்டத்துக் குடும்பங்கள் எவ்வளவு திண்டாடின என்பதையும் பார்த்தோம்.

ரொட்டியை நான் குறை சொல்ல வரவில்லை. ஓடுகிறவளுக்கு மாச்சத்து அவசியம். குறை ரொட்டிக்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லாததுதான். ரொட்டியோடு பருப்போ முட்டையோ நெத்தலியோ வந்தால், ஒரு பிடி கீரை வந்தால், அது நல்ல காலைச் சாப்பாடு. மாவில் பாதிக்குக் குரக்கன் மா சேர்த்தால் இன்னும் நல்லது.

அடுத்து, தேயிலை நாட்டில் நின்றுகொண்டு சொல்வதற்குச் சங்கடமான ஒரு விடயம். தேத்தண்ணியில் உள்ள தனின் வகைச் சத்துகள், தானியம், பருப்பு, கீரை ஆகியவற்றிலுள்ள இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால், உடம்பில் சேர வேண்டிய இரும்பு பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்துவிடும். பால் ஊற்றினாலும் இது மாறாது. இரும்புதான் குருதியிலுள்ள ஹீமோகுளோபினுக்கு அடிப்படை. தசைக்கு ஒட்சிசன் கொண்டுபோவது ஹீமோகுளோபின். அது குறைந்தால், மூச்சு வாங்கும், கால் பாரமாகும், எவ்வளவு பயிற்சி செய்தாலும் நேரம் குறையாது. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே போனால் குருதிச்சோகை என்கிறோம். அந்த அளவுக்கு இறங்குவதற்கு முன்பே உடம்பின் இரும்புச் சேமிப்பு வற்றி, களைப்பு தொடங்கியிருக்கலாம்.

தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை. நம் பிழைப்பே அதுதான். சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன்போ பின்போ குடியுங்கள், அவ்வளவுதான். சாப்பாட்டோடு கொய்யாவோ தோடம்பழமோ எடுங்கள், கீரைக்கும் பருப்புக்கும் தேசிக்காய் பிழியுங்கள். விற்றமின் சி இரும்பை உள்ளே எடுத்துச் செல்லும். பாடசாலையில் தரும் இரும்பு மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்கக் கூடாது, தண்ணீரோடு விழுங்க வேண்டும். ஈரல், இறைச்சி, மீன், நெத்தலி ஆகியவற்றிலுள்ள இரும்பு இன்னும் இலகுவாக உடம்பில் சேரும்.

இனிப் புரதம். சாதாரணமாக ஒரு வளர்ந்தவருக்கு உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.8 கிராம் போதும். ஒழுங்காகப் பயிற்சி செய்பவருக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை வேண்டும். 55 கிலோ நிறையுள்ள பெண்ணுக்கு இது 66 முதல் 88 கிராம். கேட்கப் பெரிதாக இருக்கும். கணக்குப் பாருங்கள்: ஒரு முட்டையில் 6 கிராம். சமைக்காத பருப்பு 50 கிராமில் ஏறத்தாழ 12. கடலை 50 கிராமில் 10. காய்ந்த சோயா மீட் 25 கிராமில் 12. ஒரு கப் பாலில் 6 அல்லது 7. சோறும் ரொட்டியும் தங்கள் பங்குக்கு 15, 20 கிராம் தரும். இரண்டு முட்டையையும் இவற்றையும் ஒரு நாளில் பகிர்ந்து சாப்பிட்டால் 66 கிராமைத் தாண்டிவிடலாம். எல்லாவற்றையும் இரவுச் சாப்பாட்டில் குவிக்காமல் மூன்று வேளைக்கும் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஜிம்முக்குப் போகும் தங்கைமார் புரத மாவைப் பற்றிக் கேட்கிறார்கள். அது சாப்பாடுதான், மருந்தல்ல. வீட்டில் சமைக்க நேரமில்லாதவருக்கு உதவலாம். ஆனால் ஒரு டப்பாவின் விலைக்கு எத்தனை முட்டை, எத்தனை கிலோ கடலை வாங்கலாம் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். சிறுநீரக நோயோ நீரிழிவோ உள்ளவர்கள் உங்கள் வைத்தியரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். நெத்தலி, கருவாடு சாப்பிடுகிறவர்கள் நன்றாக ஊறவைத்துக் கழுவி உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

என் வயது அக்காமாருக்கும் தங்கைமாருக்கும் ஒரு வார்த்தை. நாற்பதுக்குப் பிறகு தசை மெல்லக் குறையத் தொடங்கும். மெலிய வேண்டும் என்று காலைச் சாப்பாட்டை விட்டு, தேத்தண்ணியும் இரண்டு பிஸ்கட்டுமாக நடக்கப் போனால், கொழுப்போடு தசையும் சேர்ந்தே கரையும். சோற்றின் அளவைக் கொஞ்சம் குறையுங்கள், தட்டில் பாதிக்கு மரக்கறி வையுங்கள், பருப்பையோ மீனையோ கூட்டுங்கள். வாரத்தில் இரண்டு நாளாவது பாரம் தூக்குங்கள் அல்லது படி ஏறுங்கள். தேத்தண்ணிச் சீனியைப் பாதியாக்குங்கள், நாளைக்கு ஐந்தாறு கப் குடிக்கும் நமக்கு அதுவே பெரிய மாற்றம்.

வெளிநாட்டிலிருந்து வரும் பலர் சிவனொளிபாதமலை ஏற ஆசைப்படுகிறீர்கள். டிசம்பர் பௌர்ணமி முதல் வெசாக் வரை பருவகாலம். 2,243 மீற்றர் உயரமான மலை. நல்லதண்ணிப் பாதையில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். ஏறுவதைவிட இறங்குவதுதான் தொடைத் தசைக்குக் கடினம். இரண்டு மூன்று மாதம் முன்பே படி ஏறிப் பழகுங்கள். புறப்படுவதற்கு இரண்டு மணித்தியாலம் முன்பு சோறும் பருப்பும் சாப்பிடுங்கள். வழியில் வாழைப்பழமும் கடலையும் வைத்துக்கொள்ளுங்கள். குளிரில் தாகம் தெரியாது, ஆனாலும் தண்ணீர் குடியுங்கள். இறங்கியதும் பிளேன் டீயோடு நிறுத்தாமல் ஒரு மணித்தியாலத்துக்குள் ஏதாவது சாப்பிடுங்கள்.

இப்போது மைதானத்துப் பிள்ளைகளுக்கு. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் ஓட வரக் கூடாது. நேரமில்லையென்றால் ஒரு வாழைப்பழமாவது சாப்பிட்டுவிட்டு வாருங்கள். முடிந்ததும் முட்டையோ கடலையோ சாப்பிடுங்கள். எட்டு மணித்தியாலத்துக்குக் குறையாமல் உறங்குங்கள். இன்னொன்றும் சொல்கிறேன், வெட்கப்படாமல் கேளுங்கள். வந்துகொண்டிருந்த மாதவிடாய் மூன்று மாதம் தொடர்ந்து வராமல் போனால், “பயிற்சி செய்தால் அப்படித்தான்” என்று விட்டுவிடாதீர்கள். செலவழிக்கும் சக்திக்கு ஈடாகச் சாப்பாடு இல்லை என்று உடம்பு சொல்லும் எச்சரிக்கையாக அது இருக்கலாம். எலும்பு பலவீனமாகும், காயங்கள் கூடும். 2014இல் சர்வதேச ஒலிம்பிக் குழு இந்த நிலைக்குத் தனிப்பெயரே வைத்து, பயிற்றுவிப்பாளர்களைக் கவனமாக இருக்கச் சொன்னது. டீச்சரிடமோ அம்மாவிடமோ சொல்லுங்கள், வைத்தியரிடம் வாருங்கள்.

கடைசியாக, சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். நமது பிள்ளைகள் கோட்ட மட்டத்தில் வென்று, வலய மட்டத்தில் வென்று, மாகாண மட்டத்துக்குப் போய்த் தோற்றுத் திரும்புகிறார்கள். உடனே நாம் புதிய சப்பாத்தும் உடுப்பும் வாங்கித் தருகிறோம். நல்லது, அதுவும் வேண்டும். அதோடு, முதலாம் தவணையின் விளையாட்டுக் காலத்தில் பயிற்சிக்கு வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பயிற்சி முடிந்ததும் ஒரு அவித்த முட்டை, ஒரு பிடி அவித்த கடலை அல்லது கௌபி, ஒரு வாழைப்பழம் கொடுப்போம். முட்டை சாப்பிடாத பிள்ளைக்குப் பாலும் கூடுதல் கடலையும் கொடுக்கலாம். பருவம் தொடங்கும் முன் அனைவருக்கும் ஒரு தடவை ஹீமோகுளோபின் பரிசோதனை செய்ய, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையோடு பேசும் பொறுப்பை நான் ஏற்கிறேன். எத்தனை பிள்ளைகள், எத்தனை நாள், எவ்வளவு செலவு என்ற கணக்கை உடற்கல்வி ஆசிரியையோடு சேர்ந்து தயாரித்து, அடுத்த பொதுக்கூட்டத்தில் பிரேரணையாக முன்வைக்கிறேன். வெளிநாட்டிலுள்ள அக்காமார் ஆளுக்கொரு வாரத்தை ஏற்றாலே ஒரு தவணை ஓடிவிடும்.

ஓடும் நேரத்தைக் குறிக்கும் கொப்பியில், அன்று சாப்பிட்டதையும் எழுதி வைப்போம். அடுத்த வருடம் இதே காலத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

தேத்தண்ணி தயாராக இருக்கிறதாம். சாப்பாட்டுக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருப்பதால் தாராளமாகக் குடிக்கலாம்.