சூத்திரத்தின் எல்லை
(தொழிற்கல்விக் கணித மாநாட்டில் நிகழ்த்திய தலைமை உரை)



பாலிடெக்னிக்குகளிலும் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் இயற்கணிதத்தையும் திரிகோணமிதியையும் எவ்வாறு கற்பித்தல் தகும் என்று ஆராயக் கூடியிருக்கும் இம்மாநாட்டுக்குத் தலைமை தாங்கும் கௌரவத்தை எனக்கு அளித்தமைக்காக உங்கள் அனைவருக்கும் நன்றி செலுத்துகிறேன். சம்பிரதாயமான உபசார வார்த்தைகளை இத்துடன் நிறுத்திக்கொள்ள அனுமதி வேண்டுகிறேன். இங்கே அமர்ந்திருப்பவர்களில் பலர் நாள் முழுவதும் லேத்தின் முன் நின்று பழகியவர்கள், நீண்ட முகமன் உரையை உட்கார்ந்து கேட்பது அவர்களுக்கு அதைக்காட்டிலும் பெரிய சிரமம் என்பதை நான் அறிவேன்.

கணித ஆசிரியரைக் கேட்டால், பின்னங்களைக் கூட்டவே தடுமாறும் பையனுக்குக் கூட்டுக்கோணச் சூத்திரங்களை எங்ஙனம் போதிப்பது என்று அங்கலாய்க்கிறார். பட்டறைப் பயிற்றுநரைக் கேட்டால், கணக்கில் நூற்றுக்கு எண்பது வாங்கிய பையனுக்கு டேப்பர் கடையக் காம்பவுண்ட் ரெஸ்டை எத்தனை டிகிரி திருப்புவது என்று சொல்லத் தெரியவில்லை என்று குறைப்படுகிறார். இரண்டு முறையீடுகளும் உண்மையே. ஆயினும் இருவருமே பையனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டுத் தாங்கள் ஒருவரோடொருவர் கலந்து பேசாமல் இருந்துவிடுகிறார்கள் என்பதே என் அபிப்பிராயம். தொழில் செய்கிறவன் விடையை மேஸ்திரியிடமிருந்தோ, கைப்புத்தகத்து அட்டவணையிலிருந்தோ பெற்றுவிடலாம். அவன் கையிலிருக்கும் விதி எவ்வளவு தூரம் துணை வரும், எந்த இடத்தில் அவனைக் கைவிடும் என்ற விவேகத்தை அளிக்கக் கணிதத்தைத் தவிர வேறொரு சாஸ்திரம் இல்லை. அந்த விவேகத்தையே நாம் கற்பிக்காமல் விட்டுவிடுகிறோம்.

இந்தச் சென்னை நகரத்தில் தொழில்நுட்பக் கல்வி திரிகோணமிதியை ஒட்டியே தோன்றியது. 1794-இல் இங்கே தொடங்கப்பெற்ற நில அளவைப் பள்ளியே காலப்போக்கில் கிண்டிப் பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது. 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், வெயில் ஏறிவரும் பருவத்தில், நில அளவையாளர் வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலைக்கு அருகே ஏழரை மைல் நீளமுள்ள ஆதாரக்கோட்டை நூறடி எஃகுச் சங்கிலியால் அளக்க ஆரம்பித்தார். எஃகு வெப்பத்தால் நீளும் இயல்புடையது. பாரன்ஹீட் கணக்கில் 10 டிகிரி கூடினால் அந்தச் சங்கிலி நீள்வது சுமார் 0.07 அங்குலம், கண்ணுக்குப் புலப்படாத அந்த வித்தியாசம் ஏழரை மைலுக்குப் பெருகும்போது ஏறத்தாழ இரண்டரை அடியாகிவிடும். ஆகவே சங்கிலியுடன் வெப்பமானிகளையும் வைத்து, ஒவ்வோர் அளவுக்கும் உரிய திருத்தத்தைக் கணக்கிட்டுச் சேர்த்துக்கொண்டே அவர் முன்னேறினார். அத்திருத்தத்துக்கு வேண்டிய கணிதம் பள்ளிக்கூடத்து ஒருபடிச் சமன்பாட்டுக்கு மேற்பட்டதன்று.

அதனினும் சுவையான விஷயம் ஒன்று உண்டு. முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்து 180 டிகிரி என்று நாம் எல்லோரும் மனனம் செய்திருக்கிறோம். அந்த ஆதாரக்கோட்டிலிருந்து தொடங்கி மலை உச்சிகளுக்கிடையே பல மைல் நீளத்துக்கு முக்கோணங்களை விரித்துச் சென்ற அந்த அளவையில், கோணங்களின் கூட்டுத்தொகை 180 டிகிரியைச் சிறிது தாண்டவே வேண்டும். தாண்டாவிட்டால்தான் அளந்தவன் தவறு செய்திருக்கிறான் என்று பொருள். பூமி உருண்டையாதலின், முக்கோணத்தின் பரப்பு ஏறக்குறைய 76 சதுர மைல் கூடுந்தோறும் ஒரு விகலை மிகும். வீட்டுமனை அளக்கிறவனுக்கு இது வேண்டாத ஆராய்ச்சி. ஒரு ராஜ்யத்தை அளக்கிறவன் இதை ஒதுக்க முடியாது. 180 என்ற விதி சமதளத்துக்கு உரியது என்ற ஒரு வாக்கியத்தை எந்த ஆசிரியர் வகுப்பில் சொல்கிறாரோ, அவர் அன்றைய பாடத்தை முழுமையாக நடத்திவிட்டார் என்பேன்.

நம்முடைய கைவினைஞர்கள் விதியின்றித் தொழில் செய்தவர்கள் அல்லர். செங்கோண முக்கோணத்தின் கர்ணத்தை வர்க்கமூலமின்றிக் காணத் தமிழில் வழங்கிவரும் பழங்கணக்கு ஒன்றை உங்களில் பலர் அறிவீர்கள்: பெரிய பக்கத்தில் எட்டில் ஒரு பங்கைக் கழித்து, மிச்சத்தோடு சிறிய பக்கத்தில் பாதியைக் கூட்டுவது. எட்டுக்கும் ஆறுக்கும் அது பத்தைத் தருகிறது. பன்னிரண்டுக்கும் ஐந்துக்கும் பதின்மூன்றைத் தருகிறது. இரண்டும் அணுவளவும் பிசகாத விடைகள். இந்த யுக்தியைக் கண்டவன் யாராயினும் அவனுடைய கூர்மதியை நான் வணங்குகிறேன். ஆனால் அடிப்பக்கம் பத்தடி, உயரம் பத்தடி என்று கூரை மிகச் சரிவாக ஏறினால், அவ்விதி 13.75 என்கிறது, உண்மை 14.14. அவ்விதியை நம்பி அறுத்த கைமரம் ஏறத்தாழ ஐந்து அங்குலம் குட்டையாக வந்து நிற்கும். கூரை மிகத் தணிந்து, அடிப்பக்கம் பதினாறடியும் உயரம் இரண்டடியுமாக இருந்தாலோ விதி பதினைந்து என்கிறது. கர்ணம் அடிப்பக்கத்தைக் காட்டிலும் சிறியதாகிவிடுகிற விநோதத்தை அங்கே காண்கிறோம். பழைய கணக்கென்று இதைப் பரிகசிப்பவரும், பழைய கணக்கென்பதனாலேயே இதைப் பூஜிப்பவரும் எனக்கு ஒன்றே. இரு பக்கங்களின் விகிதம் எந்த வரம்புக்குள் இருந்தால் இவ்விதி நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் பிசகாது என்று மாணவனையே கண்டுபிடிக்கச் சொன்னால், இயற்கணிதத்தில் ஒரு வாரத்துப் பாடம் அதனுள் அடங்கியிருக்கக் காணலாம்.

இதே கதையை லேத்தின் அருகிலும் கேட்கலாம். டேப்பர் கடையும்போது பெரிய விட்டத்திலிருந்து சிறிய விட்டத்தைக் கழித்து, நீளத்தால் வகுத்து, 28.65-ஆல் பெருக்கி, வந்த டிகிரிக்குக் காம்பவுண்ட் ரெஸ்டைத் திருப்பு என்று பழைய டர்னர்கள் சொல்லிக்கொடுப்பார்கள். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்ட மாணவனுக்குப் பட்டறையில் பதில் கிடைப்பதில்லை. கணித வகுப்பிலோ அந்த எண்ணின் பெயரே எடுக்கப்படுவதில்லை. ரேடியனை டிகிரியாக்கும் 57.3-இல் பாதி அது என்பதும், சிறு கோணத்தின் டேன்ஜென்ட்டும் கோணமும் ஏறக்குறைய சமம் என்ற அனுமானமே அதன் உயிர் என்பதும் தெரிந்தால் மர்மம் நீங்கிவிடும். 40 மி.மீ. விட்டம் 60 மி.மீ. நீளத்தில் 30 மி.மீ. ஆகக் குறைய வேண்டுமானால், டேன்ஜென்ட் கணக்குப்படி கோணம் 4 டிகிரி 46 நிமிஷம். பட்டறை விதி தரும் விடை அதனின்று ஒரு நிமிஷங்கூட விலகுவதில்லை. காம்பவுண்ட் ரெஸ்டின் கோடுகளைப் பார்த்துத் திருப்பும் கைக்கு இதைவிடச் சூட்சுமம் தேவையில்லை. விட்டங்களின் வித்தியாசமும் நீளமும் சமமாக இருக்கும் குட்டையான டேப்பரில் அதே விதி 28.65 டிகிரி என்று சொல்ல, உண்மையான கோணமோ 26.57 டிகிரியாக இருக்கிறது. இரண்டு டிகிரி பிசகிய வேலை பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும்.

சைன் பாரைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். நம் பாடத்திட்டம் முழுவதிலும் திரிகோணமிதி இத்துணைப் பிரத்தியட்சமாகக் கைக்கு வருகிற கருவி வேறொன்றில்லை. 200 மி.மீ. பாரின் ஒரு முனையில் 100 மி.மீ. உயரத்துக்கு ஸ்லிப் கேஜ்களை அடுக்கினால் 30 டிகிரி கிடைக்கிறது. அடுக்கில் நூறில் ஒரு மி.மீ. பிசகு நேர்ந்தால், சிறு கோணத்தில் ஏற்படும் பிழை பத்து விகலையளவே; 60 டிகிரியில் அது இருபது விகலையாகிறது; 80 டிகிரியில் ஏறக்குறைய ஒரு நிமிஷமாகிவிடுகிறது. 45 டிகிரிக்கு மேல் சைன் பாரை உபயோகிக்காதே என்று அளவைக்கூடத்தில் சொல்வார்கள். மாணவன் அதை ஓர் ஆக்ஞையாகப் பெற்றுக்கொள்கிறான். சைன் வளைகோடு 90 டிகிரியை நெருங்க நெருங்கத் தட்டையாகிவிடுவதால் உயரத்தில் காணும் அற்ப வித்தியாசம் கோணத்தில் பெரிதாகிவிடுகிறது என்று அவன் கணித நோட்டில் வரைந்த அதே படத்தைக் காட்டி விளக்குவார் இல்லை.

கிளார்க் டேபிள்ஸைப் புரட்டிய தலைமுறை போய், கால்குலேட்டர் வந்துவிட்டது. நான் அதற்கு விரோதி அல்லேன். மடக்கை அட்டவணையில் கண்ணைக் கெடுத்துக்கொண்டதை ஒரு தவமாகப் பாராட்டும் மூத்த அன்பர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் கருவி ரேடியனில் இருப்பதைக் கவனியாமல் 30-க்கு சைன் பார்த்து, 200-ஆல் பெருக்கி, ஸ்லிப் கேஜ் அடுக்கின் உயரம் மைனஸ் 197.6 மி.மீ. என்று விடைத்தாளில் இரண்டு கோடு போட்டு முடிக்கிற மாணவனை என்னென்பது! மேசைக்கு அடியில் அடுக்குவானோ? அவனுக்கு மதிப்பெண்ணைக் குறைப்பது எளிது. விடை எழுதுமுன் உத்தேசமாக ஓர் எண்ணை மனத்தில் கொள்ளும் பழக்கத்தை நாம் என்றேனும் அவனுக்குப் பயிற்றினோமா என்பதை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மின்சாரப் பிரிவினரை மறந்துவிட்டதாக எண்ண வேண்டாம். 240 வோல்ட்டும் 415 வோல்ட்டும் மூன்றின் வர்க்கமூலத்தால் தொடர்புற்றவை என்பதும், 120 டிகிரி விலகி நிற்கும் மூன்று ஃபேஸ்களினின்று அவ்வெண் பிறப்பதும் வகுப்பில் சொல்லப்படுகின்றன. அந்த வர்க்கமூலத்தை வைத்துப் பவர் கணக்கிடும் எளிய சூத்திரம் மூன்று ஃபேஸிலும் சுமை சமமாக இருக்கும்போது மட்டுமே பொருந்தும் என்ற நிபந்தனையோ, கரும்பலகையின் ஓரத்தில் சிறிய எழுத்தில் ஒதுங்கி நிற்கிறது.

நிரூபணங்களை அடியோடு எடுத்துவிட்டுச் சூத்திரங்களை மட்டும் கொடுத்தால் போதும், தொழிற்கல்விக்கு அதுவே ஏற்றது என்று ஒரு கட்சி இருக்கிறது. நான் அதற்கு உடன்படேன். நிரூபணத்தின் படிகளில்தான் நிபந்தனைகள் வெளிப்படுகின்றன. பரீட்சைக்கென்றே புனையப்பட்ட, எந்தப் பட்டறையிலும் தலைகாட்டாத முற்றொருமைகளை நீக்கலாம். அங்ஙனம் மிச்சமாகும் நேரத்தைச் சூத்திரத்தை மாற்றி எழுதும் பயிற்சிக்குக் கொடுக்கலாம். டேப்பர் சூத்திரத்தில் நான்கு கணியங்கள் இருக்க, மூன்றைக் கொடுத்து எந்த நான்காவதைக் கேட்டாலும் தயங்காமல் வெளிக்கொணரும் பையன் இயற்கணிதத்தில் தனக்கு வேண்டியதில் பெரும்பகுதியைக் கற்றுவிட்டவன்.

இம்மாநாட்டின் பரிசீலனைக்கு ஒரு பிரேரணையை முன்வைக்கிறேன். ஒவ்வொரு கல்லூரியிலும் கணித வினாத்தாளில் ஒரு பகுதியைப் பட்டறைப் பயிற்றுநரும் கணித ஆசிரியரும் ஒரே மேசையில் அமர்ந்து தயாரிக்க வேண்டும். அப்பகுதியின் ஒவ்வொரு வினாவும் விடையைக் கேட்பதோடு, கையாண்ட விதி எந்த அளவுக்கு அப்பால் பொருந்தாது என்றும் கேட்க வேண்டும். திருத்துவது கடினம் என்ற ஆட்சேபம் எழும், எழட்டும். பிற்பகல் அமர்வு இந்த மண்டபத்தில் அன்றி, அடுத்த கட்டடத்து அளவைக்கூடத்தில் நடைபெறும். சைன் பாரும் ஸ்லிப் கேஜ்களும் அங்கே எடுத்து வைக்கப்பட்டிருக்கின்றன, கணித ஆசிரியர்களே அவற்றை அடுக்கிப் பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். மாநாடு இத்துடன் தொடங்குகிறது; முதற் கட்டுரையை வாசிக்க இருக்கும் அன்பரை மேடைக்கு அழைக்கிறேன்.