மணிக்கட்டில் ஓர் அபய தானம்



தேனி மாவட்டம் உத்தமபாளையத்தில் பாறை ஒன்றின் முகப்பில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அருகே வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உள்ளன. தென்தமிழகத்துக் குன்றுகள் பலவற்றில் காணப்படும் அச்சணந்தி அடிகளின் பெயர் இங்கும் உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வெயிலும் மழையும் பட்டும் அந்தப் பெயர் அழியவில்லை. ஆனால், மருத்துவமனைக் கட்டிலில் நினைவின்றிக் கிடக்கும் ஒருவர் இன்னார் என்று சொல்வதற்கு, பல வேளைகளில் ஒரு தாள் சீட்டு மட்டுமே துணையாக இருக்கிறது. அது நனையும், கிழியும், கட்டில் மாறும்போது பின்தங்கிவிடும்.

கம்பம் பள்ளத்தாக்கின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். கம்பம், சின்னமனூர், போடிநாயக்கனூர் ஆகிய ஊர்களின் மருத்துவமனைகளிலிருந்து கடும் நோயாளர்கள் க. விலக்கில் அமைந்துள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பப்படுகின்றனர். ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறிச் சென்று அடிபட்டவரும் அவர்களில் இருப்பார். பேறுகாலத் தாயும் இருப்பார். பாண்டி, முருகன், செல்வம், நாகம்மாள் என்னும் பெயர்கள் இப்பகுதியில் தெருவுக்குத் தெரு உண்டு. தந்தை பெயரின் முன்னெழுத்தும் ஒன்றாகிவிட்டால் இருவரை வேறுபடுத்துவது அரிது. செவிப்புலன் குறைந்த முதியவரிடம், ‘முருகன்தானே?’ என்று கேட்டால், எதற்கும் தலையசைப்பார். அந்தத் தலையசைப்பை நம்பி ஏற்றப்படும் மருந்து வேறொருவருக்கு உரியதாக இருக்கலாம்.

இஃது ஓர் ஊரின் குறையன்று. உலகெங்கும் உள்ள குறை. சிகிச்சை பெறுவோரில் ஏறத்தாழ 10 பேருக்கு ஒருவர் அச்சிகிச்சையின் போக்கிலேயே ஏதேனும் ஒரு தீங்கை அடைகிறார் என்றும், அத்தீங்குகளில் பாதி தடுக்கக்கூடியவை என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஒவ்வொரு நோயாளியையும் குறைந்தது இரண்டு அடையாளங்களால் உறுதி செய்ய வேண்டும், அறை எண்ணை அடையாளமாகக் கொள்ளலாகாது என்று அந்நிறுவனம் 2007ஆம் ஆண்டிலேயே வழிகாட்டியது. 2019 முதல் செப்டம்பர் 17ஆம் நாள் உலக நோயாளர் பாதுகாப்பு நாளாகப் போற்றப்படுகிறது.

ஜைன அறத்திற்கு இக்கருத்து புதியதன்று. கொல்லும் எண்ணத்தில் மட்டும் இம்சை பிறப்பதில்லை. ‘பிரமாதம்’ எனப்படும் கவனமின்மையிலும் பிறக்கிறது என்பது ஜின நெறியின் நுட்பம். ஆகவேதான் முனிவர்க்கு ஐந்து சமிதிகள் விதிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றாகிய ஆதான நிக்ஷேபண சமிதி, ஒரு பொருளை எடுக்கும்போதும் வைக்கும்போதும் பார்த்துச் செய்யுமாறு பணிக்கிறது. முனிவர் கையிலுள்ள மயிற்பீலி அதற்கே உதவுகிறது. மருந்தை எடுப்பதும் உடலில் ஏற்றுவதும் அதே விழிப்பை வேண்டி நிற்கும் செயல்களே அல்லவா?

இக்காலத்தில் அந்த விழிப்புக்குத் துணையாக வந்திருப்பது, ரேடியோ அலைவழி அடையாளம் காணும் ஆர்.எஃப்.ஐ.டி. என்னும் நுட்பம். பெயர் புதிதாகத் தோன்றினாலும் பொருள் அறிந்ததே. 2021 பிப்ரவரி முதல் நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் கட்டாயமாக்கப்பட்ட ஃபாஸ்டேக் இந்த வகையைச் சேர்ந்ததே. அந்த ஒட்டியில் மின்கலம் இல்லை. ஒரு சிறு சில்லும் ஓர் அலைவாங்கியும் மட்டும் உள்ளன. படிக்கும் கருவி வீசும் ரேடியோ அலையிலிருந்தே ஆற்றலைப் பெற்று, சில்லு தன் எண்ணைத் திருப்பி அனுப்புகிறது. பட்டைக்கோட்டைப் போலக் கண்ணுக்கு நேரே காட்ட வேண்டியதில்லை. உறங்கும் நோயாளியின் போர்வையை விலக்காமலே மணிக்கட்டுப் பட்டையைப் படிக்கலாம்.

மருத்துவமனையில் இதனால் விளையும் நன்மைகள் மூன்று இடங்களில் தெளிவாகத் தெரியும். முதலாவது, மகப்பேற்று மனை. தாய்க்கும் சேய்க்கும் இணைந்த அடையாளமுடைய பட்டைகளை அணிவித்தால், குழந்தை மாறினாலோ, உரிய தாயின்றி வாயிலைக் கடந்தாலோ எச்சரிக்கை மணி ஒலிக்கச் செய்யலாம். தமிழகத்தில் கருவுற்ற தாய்மார்க்கு அரசின் பதிவு எண் முன்னரே வழங்கப்படுவதால், பட்டையை அவ்வெண்ணோடு இணைப்பதும் எளிது. இரண்டாவது, இரத்தம் ஏற்றுமிடம். இரத்தப் பையின் சில்லும் நோயாளியின் பட்டையும் பொருந்தாவிடில், முதல் துளி இறங்குமுன் தடுக்கலாம். மூன்றாவது, அறுவை அரங்கு. சில்லு தைத்த பஞ்சுத் துணிகளைப் பயன்படுத்தினால், காயத்தை மூடுமுன் உள்ளே ஏதும் தங்கவில்லை என்று கருவியால் சரிபார்க்கலாம்.

எனினும், நன்மையைச் சொல்லிக் குறையை மறைப்பது சத்திய விரதத்திற்குப் பொருந்தாது. ஆம்ஸ்டர்டாமில் நடந்த ஆய்வொன்று 2008ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியாயிற்று. தீவிர சிகிச்சைக் கருவிகளின் அருகே இந்த நுட்பத்தை இயக்கி நோயாளிகள் இல்லாமல் 123 முறை சோதித்தபோது, 34 முறை இடையூறு நேர்ந்தது. அவற்றுள் 22 ஆபத்தானவை எனக் கணிக்கப்பட்டன. எனவே, சுவாசக் கருவிக்கும் மருந்து செலுத்தும் கருவிக்கும் அருகே சோதித்த பின்னரே இதனை நிறுவ வேண்டும். உலோகமும் நீரும் இந்த அலையைத் தடுக்கும் என்பதையும் மறத்தலாகாது. பட்டையில் எண் மட்டுமே இருக்க வேண்டும். நோயின் பெயரோ குடும்பச் செய்தியோ இருத்தல் கூடாது. செலவும் உண்டு. ஆதலால் சிறிய மருத்துவமனை எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. தாய்சேய்ப் பிரிவிலும் இரத்தம் ஏற்றுமிடத்திலும் தொடங்கலாம். பிற இடங்களுக்கு அச்சிட்ட பட்டைக்கோடே போதும்.

இவை எல்லாவற்றிற்கும் மேலாக ஓர் உண்மை உண்டு. பீலியைக் கையில் வைத்துக்கொண்டு பாராமல் நடப்பவரால் எறும்பு பிழைப்பதில்லை. பட்டையை ஒருவர் கையில் கட்டி மற்றொருவரின் பதிவில் சேர்த்துவிட்டால், கருவி அந்தப் பிழையைத் தவறாமல் திருப்பிச் சொல்லிக்கொண்டே இருக்கும். கருவி கவனத்திற்குத் துணையே அன்றி அதற்கு மாற்றாகாது.

குடும்பத்தார்க்கும் இதில் பங்குண்டு. ஊசி போடுமுன், ‘இவர் பெயரையும் வயதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், அம்மா’ என்று செவிலியரிடம் பணிவாகக் கேட்கலாம். அது குறை காண்பதாகாது. பெயரைச் சொல்லி ஆமா என்று கேட்பதினும், ‘உங்கள் பெயர் என்ன?’ என்று நோயாளியையே சொல்லச் செய்வது நல்லது. அறக்கட்டளைகள் மருத்துவமனைக்குக் கட்டிலும் சக்கர நாற்காலியும் வழங்குவது போற்றத்தக்கது. அடுத்த முறை, அடையாளப் பட்டைக்கும் ஒரு பங்கை ஒதுக்கலாம்.

அன்னம், ஔடதம், சாத்திரம், அபயம் என நான்கு தானங்களை முன்னோர் வகுத்தனர். மருந்து கொடுப்பது ஔடத தானம். அம்மருந்து உரியவருக்கே சேரும் என்னும் அச்சமின்மையைக் கொடுப்பது அபய தானம். நோயுற்றார் கட்டிலருகே இவ்விரண்டும் பிரியாதிருக்கட்டும்.

அறம் வளர்க! கொல்லாமை ஓங்குக!