கல் எறிந்தது யார் என்கிறார்கள். சுடச் சொன்னது யார்?

(ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் கட்சி ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



ஜனங்கள் தெருவில் இறங்கி, போலீஸ் துப்பாக்கி வெடித்துவிட்டால், மறுநாள் பத்திரிகைகளில் கொட்டை எழுத்தில் வருவது ஒரே கேள்விதான்: "இது போராட்டமா, கலவரமா?" டீக்கடையில் நம் தோழர்களே அதை வைத்து மணிக்கணக்காக வாதாடுகிறார்கள். முதல் கல்லை எறிந்தது யார் என்று துருவுகிறார்கள். துருவட்டும். ஆனால் அந்தக் கேள்வியைத் திரையாகப் போட்டு இன்னொரு கேள்வியை மறைக்க நாம் விடக்கூடாது. சுடச் சொன்னது யார்? எந்தச் சட்டப்படி சொன்னார்?

தூத்துக்குடியை எடுத்துக்கொள்ளுவோம். 2018 மே 22. ஸ்டெர்லைட் தாமிர உருக்காலையை மூடக் கோரிய போராட்டத்தின் 100-வது நாள். மீனவர்களும் மாணவர்களும் தாய்மார்களும் ஆயிரக்கணக்கில் கலெக்டர் ஆபீசை நோக்கி நடந்தார்கள். போலீஸ் சுட்டது. அன்றும் மறுநாளும் நடந்த துப்பாக்கிப் பிரயோகத்தில் 13 உயிர்கள் பலியாயின. "சமூக விரோதிகள் புகுந்துவிட்டார்கள், வேறு வழியில்லை" என்றார்கள்.

கல் விழுந்தது உண்மை. வாகனங்கள் எரிந்ததும் உண்மை. நாம் மறைக்கவில்லை. அதற்குச் சட்டம் என்ன சொல்கிறது? எரித்தவனைப் பிடித்துக் கோர்ட்டில் நிறுத்து என்கிறது. கூட்டத்தைக் கலைக்க முதலில் எச்சரிக்கை, பிறகு கண்ணீர்ப்புகை, பிறகு தடியடி. எல்லாம் தவறிய பிறகுதான் துப்பாக்கி, அதுவும் இடுப்புக்குக் கீழே. இங்கே நடந்தது என்ன? பிரேதப் பரிசோதனை அறிக்கைகளைப் பார்த்து ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் 2018 டிசம்பரில் எழுதியது: 13 பேரில் 12 பேருக்குத் தலையிலோ மார்பிலோ குண்டு, அவர்களில் பாதிப் பேருக்குப் பின்னாலிருந்து பாய்ந்த குண்டு. முதுகைக் காட்டி ஓடுகிறவன் யாரைத் தாக்கினான், தோழர்களே?

நீதிபதி அருணா ஜெகதீசன் கமிஷன் விசாரித்தது. சுட வேண்டிய அவசியமே இருக்கவில்லை என்றது. ஐ.ஜி. முதல் காவலர் வரை 17 பேர் மீதும், அன்றைய கலெக்டர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. 2022 அக்டோபரில் அறிக்கை சட்டசபையில் வைக்கப்பட்டது. ஆனால் கமிஷன் சொல்வது பரிந்துரைதான், தீர்ப்பல்ல. அது சர்க்காரைக் கட்டுப்படுத்தாது. கூட்டத்தைக் கலைத்த அதிகாரி மீது சர்க்கார் அனுமதி இல்லாமல் வழக்குத் தொடர முடியாது என்ற விதி பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருந்தது. 2023-இல் வந்த புதுச் சட்டத்திலும் அது அப்படியே இடம்பெற்றது. அனுமதி தர வேண்டியது யார்? அதே சர்க்கார்!

இன்னொன்று கேளுங்கள். 2006-இல் பிரகாஷ் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட், போலீஸ் மீதான புகார்களை ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் தனி ஆணையம் விசாரிக்க வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் 2013-இல் வந்த சட்டமோ, மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளரையும் மாவட்டத்துக்குக் கலெக்டரையும் தலைவராக்கியது. வேலி பயிரை மேய்ந்தால் அந்த வேலியிடமே போய் முறையிடு என்பதல்லவா இது?

அப்படியானால் கதவு அடைபட்டதா? இல்லை. வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுவதாக வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் அந்த மலைவாழ் மக்களின் கிராமத்தில் புகுந்தன. வீடுகளைச் சூறையாடின. 18 பெண்கள் பலாத்காரம் செய்யப்பட்டார்கள். நடக்கவேயில்லை என்று சாதித்தது சர்க்கார். மலைவாழ் மக்கள் சங்கமும் செங்கொடியும் விடவில்லை. எழுத்தறியாத அந்தத் தாய்மார்கள் கோர்ட்டில் நின்று இன்னார் இன்னார் என்று கை நீட்டிக் காட்டினார்கள். 19 ஆண்டுகள்! 2011 செப்டம்பர் 29-இல் தீர்ப்பு வந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள். 2023-இல் ஹைகோர்ட் அதை உறுதி செய்ததோடு நிற்கவில்லை. அன்றைய கலெக்டர், போலீஸ் சூப்பிரண்டு, மாவட்ட வன அதிகாரி மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது.

லத்தி பிடிக்கும் காவலரும் பெரும்பாலும் நம்மைப் போன்ற வீட்டுப் பிள்ளைதான். கீழே உள்ளவர் பலியாடாகி, உத்தரவிட்டவர் பதவி உயர்வு பெறுவது நியாயமல்ல. பொறுப்பு மேலிருந்து கீழே வரட்டும்.

நம் பக்கமும் ஒரு கடமை உண்டு. ஊர்வலத்துக்குத் தொண்டர் படை வேண்டும். கல்லைத் தூக்குகிற கையை நாமே பிடிக்க வேண்டும்; அந்தக் கல் மறுநாள் அவர்களுக்குச் சாட்சியாகிறது. அடிபட்டால் ஆஸ்பத்திரிச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். நாளும் நேரமும் பெயரும் குறித்து வையுங்கள். சாட்சி சொல்லக் கூப்பிட்டால் கூலி போகிறதே என்று தயங்காதீர்கள். அந்த ஒரு நாள் கூலியைச் சங்கம் பார்த்துக்கொள்ளட்டும்.

அனுமதி விதியை நீக்கு! போலீஸ் புகார் ஆணையத்துக்கு நீதிபதியைத் தலைவராக்கு! சுடச் சொன்னவரைக் கோர்ட்டில் நிறுத்து!

வாச்சாத்தித் தாய்மார்கள் 19 ஆண்டுகள் காத்து நின்றார்கள். நாமும் நிற்போம், தோழர்களே!