ஆள் மாற்றும் போர்



சென்ற மார்கழி விடுமுறையில் என் தமக்கையின் மகன் கனடாவிலிருந்து அன்புவழிபுரத்துக்கு வந்திருந்தான். நாற்பது வயதை அணுகியவன். ஒருநாள் மாலை, கைக்கடக்கமான விளையாட்டுக் கருவியொன்றை விறாந்தையிலே நிறுத்தி வைத்து, அதன் பிடியொன்றைக் கழற்றி என் கையிலே தந்தான். முப்பது ஆண்டுகளாக மாணவரிடமிருந்து இத்தகைய பொருள்களை வாங்கி மேசை இழுப்பறையிற் பூட்டி வைத்தவன் நான். அன்று மறுக்க வழியில்லாது போயிற்று.

அவ்விளையாட்டின் பெயர் ‘எக்ஸ்-மென் வேர்சஸ் ஸ்ட்ரீற் பைற்றர்’ என்பது. யப்பானின் ஒசாக்கா நகரத்துக் கப்கொம் நிறுவனத்தார் 1996 ஆம் ஆண்டில் இதனைக் காசு போட்டு ஆடும் யந்திரமாக வெளியிட்டனர். எக்ஸ்-மென் என்போர் 1963 இல் அமெரிக்காவின் மார்வெல் சித்திரக் கதைகளிலே தோன்றிய அதிசய மாந்தர். ஸ்ட்ரீற் பைற்றர் வீரரோ கப்கொம் நிறுவனத்தாரே படைத்துக்கொண்டவர். வாலியையும் வீமனையும் ஒரே கூத்துக் களரியில் இறக்கிவிட்டாற்போல, இரு வேறு கதையுலகத்தாரும் இங்கே கைகலக்கின்றனர்.

களத்தில் நிற்போர் பதினெழுவர். அவருள் தால்சிம் என்னும் இந்திய யோகியும் ஒருவர். கழுத்திலே மண்டையோட்டு மாலை. கைகால்கள் இரப்பர் போல நீளும். வாய் திறந்தால் தீப்பிழம்பு பாயும். யோகம் என்பது சித்தத்தை அடக்குவது என்று படித்தவனுக்கு இக்காட்சி நகைப்பையே தரும். ஆயினும் நம் பக்கத்து ஆள் அவர் ஒருவரே ஆதலால் நான் அவரையே தெரிந்தெடுத்தேன்.

இனி, ஆட்டத்தின் உயிர்நிலையைச் சொல்ல வேண்டும். இதற்கு முந்திய சண்டை விளையாட்டுக்களில் பெரும்பாலும் ஒருவனோடு ஒருவனே பொருதுவான். இங்கோ ஒவ்வொரு பக்கத்துக்கும் இருவர். ஒருவன் களத்தில் நிற்க, மற்றவன் வெளியே காத்திருப்பான். இரு பொத்தான்களை ஒருங்கே அழுத்தினால், காத்திருந்தவன் பாய்ந்து உதைத்தபடி உள்ளே வருவான், களைத்தவன் வெளியேறுவான். வெளியேறியவன் தான் பட்ட அடியில் ஒரு பகுதியை அங்கே ஆற்றிக்கொள்வான். கோயில் வீதியிலே சுவாமி காவுவோர் தோள் மாற்றுவதை நேயர்கள் கண்டிருப்பீர்கள். ஏறக்குறைய அதே முறைதான். மாற்றும் தருணம் பிழைத்தால் ஆபத்து உண்டு. உள்ளே பாய்ந்தவனை எதிரி தடுத்துவிட்டால், அவன் ஒரு கணம் காவலின்றி நிற்பான். எப்போது நிற்பது, எப்போது இடம் விடுவது என்பதிலேயே வெற்றியும் தோல்வியும் தங்கியிருந்தன.

இந்த ஆட்டம் விளையாட்டுக் கூடத்திலிருந்து வீட்டுக்கு வந்தபோதுதான் துன்பம் நேர்ந்தது. கூடத்து யந்திரத்திலே வீரர்களின் உருவப் படங்கள் யாவும் சில்லுகளிற் பதிந்து எந்நேரமும் ஆயத்தமாக இருந்தன. அக்காலத்து வீட்டுக் கருவிகளோ படங்களை இறுவட்டிலிருந்து வாசித்துத் தம் நினைவகத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டியவை. வாசிக்கும் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 300 கிலோபைற் மட்டுமே. மேசைமேல் விரித்த நூலை உடனே வாசிக்கலாம். நூலகத்து அலுமாரியில் உள்ளதை எழுந்து போய் எடுத்துவர வேண்டும். ஆளை மாற்றுவதோ கண்ணிமைப் பொழுதில் நடக்க வேண்டிய காரியம். ஆகவே நால்வர் படங்களும் ஒரே வேளையில் மேசைமேல் இருந்தாக வேண்டும்.

செகா நிறுவனத்தாரின் ‘சற்றேர்ன்’ கருவிக்கு 1997 நவம்பரில் இவ்வாட்டம் வந்தது. நம்மவர் பெயர் சொல்லவே அஞ்சும் சனிக் கிரகத்தின் பெயர் பூண்ட அக்கருவியே இவ்விடயத்தில் நல்லருள் புரிந்தது! நான்கு மெகாபைற் அளவான நினைவகப் பேழையொன்றைத் தனியே செருகினர், மேசை அகன்றது, ஆள் மாற்றம் பிழைத்தது. ஆனால் அப்பதிப்பு யப்பானுக்கு வெளியே விற்பனைக்கு வரவில்லை.

உலகின் ஏனைய பிள்ளைகளுக்குக் கிடைத்தது, 1998 இல் வெளிவந்த பிளேஸ்ரேசன் பதிப்பு. அதன் பிரதான நினைவகம் இரண்டு மெகாபைற். பேழை செருகவும் வழியில்லை. எனவே ஆள் மாற்றத்தையே நீக்கிவிட்டார்கள். ஒருவனோடு ஒருவன் பொருதும் பழைய முறை மீண்டது. துணைவன் சில கூட்டுத் தாக்குதல்களுக்கு மட்டும் தலைகாட்டி மறைவான். இருபுறத்தாரும் அதே இரு வீரரையே கொண்டு ஆடும் ஒரு தனி வகையில் மாத்திரம் மாற்றத்துக்கு இடமளித்தனர். நால்வர் படத்துக்குப் பதிலாக இருவர் படம் போதும் அன்றோ! குறைந்த இடத்திலே தம்மால் இயன்றதைச் செய்தார்கள் என்று அவர்களுக்காகவும் ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். எனினும் பெட்டியின் மேலே பழைய பெயர் அப்படியே இருந்தது.

கூடத்து மூல யந்திரமும் நிலையானதன்று. களவாகப் பிரதி செய்வதைத் தடுக்க அதன் நிரலை மறைகுறியாக்கி, அதற்குரிய திறவுகோலை ஒரு சிறு மின்கலத்தின் தயவில் வைத்திருந்தார்கள். மின்கலம் தீர்ந்தால் திறவுகோல் அழியும். பலகை வெறும் பலகையாகும். அவ்வாறு இறந்த பலகைகளுக்குத் திறவுகோலை மீளப் பதிக்கும் வழியை 2016 இல் ஆர்வலர் சிலர் கண்டு வெளியிட்டனர். களவுக்கு அஞ்சியோர் தம் ஆக்கத்துக்கே நாள் குறித்து வைத்தது எனக்கு உவப்பான செயலன்று.

2024 செப்ரெம்பரிலே கப்கொம் நிறுவனத்தார் இதனையும் இதன் உறவான வேறு ஆறு ஆட்டங்களையும் ஒரே தொகுப்பாக வீட்டுக் கருவிகளுக்கு வெளியிட்டனர். கூடத்தில் இருந்தபடியே, ஆள் மாற்றம் குன்றாமல் வந்தது. என் மருமகன் கொணர்ந்தது அத்தொகுப்பே.

அவன் குடும்பம் போர்க்காலத்திலே இவ்வூரை விட்டுச் சென்றது. பதினொரு வயதில், அயல்நாட்டுக் குளிர்காலத்தில், பாசை பழகாத நாளில், தம்பியோடு இரவும் பகலும் ஆடியது அந்தப் பிளேஸ்ரேசன் பதிப்பைத்தான். ஆள் மாற்ற வழியுண்டு என்பதை அவன் அப்போது அறிந்திலன். வளர்ந்தபின் ஒரு விளையாட்டுக் கூடத்தில் மூல யந்திரத்தைக் கண்டு திகைத்தானாம். "நாங்கள் விளையாடினது வேறை விளையாட்டு மாமா. ஆனால் எனக்கு அதுதான் பிடிக்கும்" என்றான். குறைந்ததன் மேல் ஏன் இத்தனை பற்று என்று நான் கேட்கவில்லை. அத்தம்பி இப்பொழுது வேறொரு நகரத்தில் வாழ்கிறான்.

பிறகு இருவரும் ஆடினோம். தால்சிம் யோகியார் அடிமேல் அடி வாங்கிக்கொண்டிருந்தார். "மாமா, ஆளை மாத்துங்கோ! மாத்துங்கோ!" என்று எதிர்ப்பக்கத்து எதிரியே கத்தினான். எந்த இரு பொத்தான்கள் என்று நான் தேடி முடிப்பதற்குள் யோகியார் சாய்ந்துவிட்டார்.