மூலமும் படியும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)

 

இவ்விழாவில் நான் கவிதை பற்றிப் பேசுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். நானோ நம் ஒளிப்படங்களைப் பற்றிப் பேச வந்துள்ளேன். கூட்டங்களில் எடுத்த படங்களைக் கணினியில் திருத்திச் சேமிக்கும் பணி பத்தாண்டுகளாக என்னிடம் இருந்து வருகிறது. அப்பணியில் நான் செய்த பிழை ஒன்றை இவ்வவையில் ஒப்புக்கொள்ள விரும்புகிறேன்.

நம் மூத்த கவிஞர் ஒருவர் நூல் வெளியீட்டன்று தம் துணைவியாருடன் நின்றார். அழைப்பிதழுக்குக் கவிஞரின் முகம் மட்டும் வேண்டியிருந்தது. படத்தை வெட்டினேன், அதே பெயரில் அதே கோப்பின் மேலேயே சேமித்தேன். நினைவட்டையையும் அழித்துவிட்டேன். கவிஞர் மறைந்தபின் அந்த அம்மையார் வந்து கேட்டார்: “அந்தப் படத்துல நானும் பக்கத்துல நின்னேனே, டீச்சர்?” என்னிடம் விடை இல்லை.

பாடபேதம் பற்றி வகுப்பில் பாடம் சொல்பவள் நான். உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது பல சுவடிகளை ஒப்புநோக்கினார். தாம் கொண்ட பாடத்தோடு வேறு பாடங்களையும் குறித்தார். தம் திருத்தத்துக்காகச் சுவடியைச் சுரண்டவில்லை. மூலம் வேறு, பதிப்பு வேறு என்னும் அந்த அறத்தை ஏட்டுக்குக் கற்பித்த நான், படத்துக்குக் கடைப்பிடிக்கவில்லை.

அதன்பின் வகுத்துக்கொண்ட முறையைச் சொல்கிறேன். கூட்டம் முடிந்த அன்றே படங்களைக் கணினிக்கு மாற்றுகிறேன். இரண்டு இடங்களில் படி சேர்ந்து, கோப்புகள் திறக்கின்றனவா என்று பார்த்த பிறகே நினைவட்டையை அழிக்கிறேன். பெயரிடும்போது ஆண்டு, திங்கள், நாள், நிகழ்ச்சி, வரிசை எண் என்ற முறையில் இடுகிறேன். ஆண்டு முதலில் நிற்பதால் கோப்புகள் தாமே காலவரிசையில் அமைகின்றன.

மூலப் படங்கள் ஓர் உறையில்; அவற்றை எவரும் தொடுவதில்லை. திருத்தம் எல்லாம் படியில்தான். லைட்ரூம், இலவசமாகக் கிடைக்கும் டார்க்டேபிள் போன்ற மென்பொருள்கள் மூலத்தை மாற்றாமல், செய்த திருத்தங்களைக் குறிப்புகளாகத் தனியே எழுதி வைக்கின்றன. அடிக்குறிப்பில் பாடபேதம் காட்டுவது போலத்தான். கேமரா இடங்கொடுக்குமாயின் ‘ரா’ வடிவில் எடுப்பது நலம். ‘ஜேபெக்’ கோப்பைத் திருத்தித் திருத்திச் சேமிக்குந்தோறும் நுண்மை சிறிது சிறிதாகக் குறையும். வாட்ஸப்பில் படமாக அனுப்பினாலும் அது சுருங்கிவிடும். ஆவணமாக அனுப்பினால் சுருங்காது.

இனி, சேமிப்பு. மூன்று படிகள், இருவகைச் சாதனங்கள், ஒரு படி வேறோர் இடத்தில் என்பது ஒளிப்படக் கலைஞர் பீட்டர் கிராக் பரப்பிய நெறி. நமக்கு இது புதிதன்று. ஓரூர்ச் சுவடியில் சிதைந்த ஏடு வேற்றூர்ச் சுவடியில் முழுமையாக இருந்ததால் பிழைத்த வரிகள் எத்தனை! 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, வேறெங்கும் படியில்லாத சுவடிகளும் சாம்பலாயின. ஓரிடத்தில் மட்டும் இருப்பது இல்லாமற்போகக் காத்திருப்பதே. கணினியோடு ஒத்தியங்கும் மேகச் சேமிப்பை மட்டும் நம்புவதும் போதாது. இங்கே தவறுதலாக அழித்தது அங்கேயும் அழியக்கூடும். வன்தட்டும் ஒருநாள் பழுதாகும். ஆதலால் ஆண்டுக்கொரு முறை எல்லாப் படிகளையும் திறந்து பார்க்கிறேன். சில ஆண்டுகளுக்கொரு முறை புதிய தட்டுக்கு மாற்றுகிறேன்.

இவை அனைத்தினும் அரிய பணி ஒன்றுண்டு. இடமிருந்து வலமாக நிற்பவர் யார், எந்நாள், எவ்விடம் என்று கோப்புக்குள்ளேயே எழுதி வைப்பதுதான் அது. பெயர் அறிந்தவர் இருக்கும்போதே அதை எழுதியாக வேண்டும். முதலாண்டுப் படம் ஒன்றில் எழுவர் நிற்கின்றனர். ஐவரையே என்னால் அடையாளம் சொல்ல முடிகிறது.

புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் நமக்குக் கிடைக்கவில்லை. எனினும் அவ்வெண்கள் அப்படியே நிற்கின்றன; பின்வரும் பாடல்களை முன்னே இழுத்து இடைவெளியை யாரும் மறைக்கவில்லை. நானும் நம் படத்தொகுப்பில் அம்மையாரின் படத்துக்குரிய எண்ணை வெறுமையாகவே விட்டிருக்கிறேன். அன்று அரங்கில் உங்களுள் பலர் கைப்பேசியில் படமெடுத்தீர்கள். வீட்டில் பழைய கைப்பேசி கிடந்தால் தூக்கி எறியாமல் ஒருமுறை திறந்து பாருங்கள். அவ்விருவரும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்று, மங்கலாக இருந்தாலும் கிடைக்குமாயின், முதல் படியை அந்த அம்மையார் கையில் கொடுத்துவிட்டுத்தான் எண்ணை நிரப்புவேன்.