அயலூரில் குடும்ப வழக்கு

மும்பையிலோ புனேயிலோ வாழும் நம்மவர் வீட்டுப் பெண்ணுக்கு மணமுறிவு வழக்கு நேர்ந்தால், ‘ஊருக்குப் போய்த்தான் தொடுக்க வேண்டும்’ என்று பெரியவர்கள் சொல்லிவிடுகிறார்கள். பிள்ளைகளின் படிப்பு இங்கே, வழக்கு அங்கேயா? வேண்டியதில்லை, நேயர்களே. இந்து திருமணச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, 2003ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், மனைவி தாம் வசிக்கும் இடத்திலேயே மனுச் செய்ய இடமளிக்கிறது.

பாஷை புரியாத ஊரில் வக்கீலை எங்கே தேடுவது? மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை முதலில் அணுகுங்கள். பெரும்பாலும் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாயினும் பெண்கள் இலவச வக்கீல் பெறத் தகுதியுடையோர். 15100 என்ற தொலைபேசி எண்ணிலும் கேட்கலாம்.

தாமே வக்கீல் அமர்த்துவோர், முன்பணம் தருமுன் கட்டணத்தை எழுத்தில் பெறுவது நலம். கிடைக்கும் ஜீவனாம்சத்தில் பங்கு கேட்பவரை நாட வேண்டாம். அது வக்கீல் தொழில் விதிகளுக்கே முரணானது. போதிய சொந்த வருவாயில்லாத மனைவி, வழக்குச் செலவைக் கணவரிடமிருந்து பெற்றுத்தருமாறு 24ஆம் பிரிவின்கீழ் நீதிமன்றத்தையே வேண்டலாம்.